ஓரெழுத்து மாறினால்: ஜொகூர்த் தமிழ்ப் பிள்ளைகளும் ஆங்கில மயக்கச் சொற்களும்

ஜொகூரில் ஒரு தமிழ்ப்பள்ளி. நான்காம் ஆண்டுப் பிள்ளை ஒன்று தன் புத்தகப்பையைப் பற்றி ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். பை என்பதற்கு பி, ஈ, ஜி என்ற மூன்று எழுத்துகளைப் போடுகிறது. ஆசிரியர் சிவப்பு மையால் சுழிக்கிறார். ஆங்கிலத்தில் அந்த மூன்றும் சேர்ந்தால் ‘கெஞ்சிக் கேள்’, ‘பிச்சை எடு’ என்று பொருள். அடுத்த பாடவேளை மலாய்மொழி. அங்கே அதே பிள்ளை அதே மூன்று எழுத்தை அதே பைக்கு எழுதினால் சரி. மலாய்மொழி அந்தச் சொல்லை ஆங்கிலத்திலிருந்துதான் வாங்கியது. வாங்கியபின் தன் ஒலிக்கு ஏற்ப எழுத்தை மாற்றிக்கொண்டது.

இதைக் கவனக்குறைவு என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும். ஆனால் அந்தப் பிள்ளை கவனமாகத்தான் எழுதியிருக்கிறது. தனக்குச் சரியாகச் சொல்லிக்கொடுத்த ஒன்றைத்தான் எழுதியிருக்கிறது. ஒரே நாளில் மூன்று எழுத்து மரபுகளுக்குள் போய்வரும் பிள்ளைக்கு ஆங்கில மயக்கச் சொற்கள் எங்கிருந்து முளைக்கின்றன என்பதைத் தனியே பார்க்க வேண்டியிருக்கிறது. லண்டனிலோ நியூயார்க்கிலோ அச்சாகும் ‘அடிக்கடி குழம்பும் சொற்கள்’ பட்டியலில் இந்தப் பிள்ளையின் பை இருக்காது.

மூன்று மரபுகள் சந்திக்கும் இடம்

ஜொகூரில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. மாசாய், ஸ்கூடாய், கூலாய், குளுவாங், சிகாமட், மூவார் என்று மாநிலம் முழுவதும் பரவியிருக்கும் இவற்றில் பல, ரப்பர்த் தோட்டங்களில் தொடங்கியவை. பிள்ளைகள் ஆறாண்டு தமிழ்வழி படிக்கிறார்கள். மலாயும் ஆங்கிலமும் முதலாம் ஆண்டிலேயே தொடங்கிவிடுகின்றன. பின் இடைநிலைப்பள்ளியில் மலாய்வழிக் கல்வி. கடற்பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். அங்கே அலுவலக மொழி ஆங்கிலம். 1924இல் முறையாகத் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் வழியே இன்று நாள்தோறும் லட்சக்கணக்கானோர் வேலைக்கும் படிப்புக்கும் போய்வருகிறார்கள். ஆகவே ஆங்கில எழுத்துக்கூட்டல் என்பது இங்கே மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. வேலை விண்ணப்பத்திலும் சம்பளத்திலும் போய் முட்டுகிறது.

இந்த மூன்று மொழிகளும் எழுத்தை மூன்று விதமாகக் கையாளுகின்றன.

தமிழ் எழுத்து ஒலியோடு நெருக்கமாக ஒட்டி நடப்பது. ஆனால் வல்லின எழுத்து ஒவ்வொன்றும் ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிகளைச் சுமக்கிறது. ‘கடல்’, ‘தங்கம்’, ‘பகல்’ மூன்றிலும் வருவது ஒரே ககரம்; ஒலியோ மூன்று. இடத்தைப் பார்த்து வாய் தானே ஒலியை மாற்றிக்கொள்ளும். அதனால் ஆங்கிலத்தின் பை, முதுகு, மூட்டை கட்டுதல் ஆகிய மூன்று சொற்களையும் தமிழ் எழுத்தில் எழுதினால் மூன்றும் ‘பேக்’ என்றே நிற்கும். பி, பீ என்ற இரண்டு ரோமன் எழுத்துகளையும், கே, ஜி என்ற இரண்டையும் ஒரு பகரமும் ஒரு ககரமும் விழுங்கிவிடுகின்றன. தமிழ்வழி ஆங்கிலம் கற்கும் பிள்ளைக்கு முதல் மயக்கம் இங்கே தொடங்குகிறது.

மலாய் எழுத்து ரோமன் எழுத்து. ஆனால் அதுவும் ஒலியைப் பின்பற்றுவது. மலேசியாவும் இந்தோனேசியாவும் 1972 ஆகஸ்ட் 16 அன்று பொதுவான எழுத்துக்கூட்டல் முறையை அறிவித்தன. அதுவரை மலேசியாவில் ஆங்கில வழக்கைப் போல் சி, எச் என்று இரண்டு எழுத்தால் எழுதப்பட்ட சகர ஒலி, அன்றுமுதல் சி என்ற ஒற்றை எழுத்தானது. அந்த மாற்றத்தின் பக்கவிளைவு ஒன்று வகுப்பறையில் இன்றும் தெரிகிறது. சுவருக்கு அடிக்கும் பெயிண்டுக்கு மலாயில் ‘சாட்’ என்று பெயர். பழைய முறையில் அது நான்கு எழுத்து. புதிய முறையில் சி, ஏ, டி. ஆங்கிலப் பாடநூலின் முதல் பக்கங்களில் படத்தோடு வரும் பூனைக்கும் அதே மூன்று எழுத்து.

இப்படிப்பட்ட சொற்களை வரிசைப்படுத்தினால் நீளும். எஃப், ஏ, ஐ, எல் என்று எழுதினால் ஆங்கிலத்தில் தோல்வி, மலாயில் கோப்பு. பி, யூ, டி ஆங்கிலத்தில் ‘ஆனால்’. மலாயில் பூட்ஸ், அல்லது காரின் பின்பெட்டி. டபிள்யூ, ஏ, டி ஆங்கிலத்தில் சுருட்டிய கட்டு. மலாயில் மருத்துவமனை வார்டு. ஜே, ஏ, எம் ஆங்கிலத்தில் ரொட்டியில் தடவுவது, மலாயில் மணி. எச், ஏ, டி ஆங்கிலத்தில் இறந்தகாலத் துணைவினை, மலாயில் வரம்பு. எம், ஏ, ஐ, என் ஆங்கிலத்தில் முதன்மையான, மலாயில் விளையாடு. ஏ, ஐ, ஆர் ஆங்கிலத்தில் காற்று, மலாயில் தண்ணீர்.

கடைசிச் சொல்லுக்கு ஜொகூர் மண்ணிலேயே சான்று இருக்கிறது. பத்து பகாட் மாவட்டத்தில் இருக்கும் ஆயர் ஈத்தாம், நெடுஞ்சாலைப் பயணிகள் நன்கு அறிந்த ஊர். பெயரின் பொருள் ‘கரிய நீர்’. பழைய எழுத்துமுறையில் அதன் முதல் சொல் ஏ, ஒய், ஈ, ஆர். புதிய முறையில் ஏ, ஐ, ஆர். இரண்டும் இன்றும் புழங்குகின்றன. மாநிலத் தலைநகரின் பெயரிலும் இதே கதைதான். ஜொகூர் பாருவின் ‘பாரு’வும் கிளந்தானிலுள்ள கோத்தா பாருவின் ‘பாரு’வும் புதியது என்று பொருள்படும் ஒரே மலாய்ச் சொல், ஆனால் எச் எழுத்து ஒன்றில் ஏ எழுத்துக்குப் பின்னாலும் மற்றதில் அதற்கு முன்னாலும் உட்கார்ந்திருக்கிறது. ஆங்கில ஆட்சிக்காலத்து ஆவணங்களில் ஜொகூருக்கே கடைசியில் ஒலிக்காத ஓர் ஈ எழுத்து இருந்தது. சிங்கப்பூரின் ஆங்கிலப் பெயரில் அது இன்றும் இருக்கிறது.

எழுத்துக்கூட்டலைத் திட்டமிட்டுச் சீர்செய்ய முடியும் என்ற எண்ணத்துக்கு இந்த மாநிலத்தில் ஆழமான வேர் உண்டு. மலாய்மொழியை வளர்க்க 1888லேயே ஜொகூரில் ஒரு சங்கம் அமைந்தது. இன்று கோலாலம்பூரிலிருந்து மலாய்மொழிக்குத் தரம் வகுக்கும் டேவான் பஹாசா டான் புஸ்தாகா, 1956 ஜூன் 22 அன்று ஜொகூர் பாருவில்தான் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு தலைநகருக்கு இடம்பெயர்ந்தது. அப்படி ஓர் அமைப்பு உட்கார்ந்து முடிவெடுத்து மாற்றிய எழுத்துமுறையில் வளரும் பிள்ளை, யாரும் உட்கார்ந்து முடிவெடுக்காத எழுத்துமுறையான ஆங்கிலத்துக்குள் நுழைகிறது.

ஆங்கிலம் ஒலியை விட்டு விலகிய கதை

ஆங்கிலத்துக்கு எழுத்துக்கூட்டலை ஆளும் அமைப்பு என்றும் இருந்ததில்லை. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் அமைத்தபோது, சொற்களின் உச்சரிப்பு மாறிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை ஆங்கில நெடில் உயிர்கள் ஒவ்வொன்றாக இடம் மாறின. வாய் மாறிக்கொண்டே போனது. அச்சு பழைய வடிவத்தைப் பிடித்துக்கொண்டது. இடையில் லத்தீன் பற்று மிக்க அறிஞர்கள், ஒலிக்காத எழுத்துகளைப் புதிதாகச் செருகினார்கள். கடனைக் குறிக்கும் ‘டெட்’ என்ற சொல்லில் நடுவே வரும் பி அப்படி வந்தது. அதன் லத்தீன் மூதாதையை நினைவூட்டுவதற்காக வைக்கப்பட்டது. சாமுவேல் ஜான்சனின் அகராதி 1755இல் வெளிவந்தபோது பெரும்பாலான சொற்கள் இன்றைய உருவத்துக்கு வந்துவிட்டன.

ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒலியை ஓரளவுதான் காட்டும். சொல் எந்தக் குடும்பத்தில் பிறந்தது, வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்பதையும் சேர்த்தே காட்டும். மயக்கச் சொற்களைப் பிரித்தறிய ஜொகூர்ப் பிள்ளைக்குத் தேவையான திறவுகோல் இதுதான். தமிழும் மலாயும் காதால் எழுதப் பழக்குகின்றன. ஆங்கிலத்தை உறவால் எழுதப் பழக வேண்டும்.

ஒரு வயிற்றில் பிறந்தவை

குழப்பும் இணைகளில் கணிசமானவை ஒரே சொல்லாக இருந்து பிரிந்தவை. மாவுக்கும் பூவுக்கும் ஆங்கிலத்தில் ஒரே ஒலி. கோதுமையை அரைத்துச் சலித்தபின் கிடைக்கும் மேலான பகுதியை ‘கோதுமையின் பூ’ என்று அழைத்த வழக்கிலிருந்து மாவுக்கு அந்தப் பெயர் வந்தது. இரண்டுக்கும் நெடுங்காலம் ஒரே எழுத்துதான். தெளிவுக்காக இரண்டாகப் பிரிந்து நிலைபெற்றது 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில். உலோகத்தையும் மன உறுதியையும் குறிக்கும் ‘மெட்டல்’ இணையும் அப்படியே. உறுதி என்ற பொருள் உலோகத்திலிருந்து உருவகமாகக் கிளைத்தது.

எழுதுபொருளையும் அசையாமல் நிற்பதையும் குறிக்கும் ‘ஸ்டேஷனரி’ இணை, கடைப் பலகைகளில் அடிக்கடி இடம் மாறுவது. இரண்டுக்கும் மூலம் ஓரிடத்தில் நிலைத்திருப்பதைக் குறிக்கும் லத்தீன் சொல். இடைக்கால ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சுமந்து விற்றவர்கள் பலர். பல்கலைக்கழகத்தை ஒட்டி நிலையான கடை வைத்து நூல் விற்றவர்கள் சிலர். அந்த நிலைக்கடைக்காரருக்கு ‘ஸ்டேஷனர்’ என்று பெயர். லண்டனில் அவர்களுடைய சங்கம் 1557இல் அரச சாசனம் பெற்றது. அவர் விற்ற சரக்கு ‘ஸ்டேஷனரி’. பேக்கர் நடத்துவது பேக்கரி என்பதுபோல ஈ, ஆர், ஒய் என்று முடிகிறது. அசையாத நிலையைச் சொல்லும் பண்புச்சொல்லில் அந்த இடத்தில் ஏ. கடைக்காரரை நினைத்துக்கொண்டால் எழுத்து தானாக வந்துவிடும்.

பாராட்டையும் நிறைவு செய்வதையும் குறிக்கும் ‘காம்ப்ளிமென்ட்’ இணைக்கும் மூலம் ஒன்றே. ஒன்று லத்தீனிலிருந்து நேராக வந்தது. மற்றது இத்தாலி, ஸ்பெயின் நாட்டு அரசவை மரியாதை வழக்குகளின் வழியே சுற்றி வந்தது. நிறைவு செய்யும் சொல், முழுமையைச் சொல்லும் ‘கம்ப்ளீட்’டின் உடன்பிறப்பு. அதில் எல் எழுத்துக்குப் பின் வரும் ஈ இதிலும் வருகிறது. நாசி லெமாக்குக்குச் சம்பல் செய்வது ஈ போட்ட வேலை. அதைச் சமைத்த அம்மாவைப் பார்த்து ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்வது ஐ போட்ட வேலை.

ஸ்கூடாயில் இருக்கும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கணினித்துறை மாணவர் படிக்கும் ‘டிஸ்க்ரீட்’ கணிதம், தனித்தனியாக எண்ணத்தக்க பொருள்களைப் பற்றியது. அதே ஒலியுள்ள இன்னொரு சொல், விஷயத்தை வெளியே விடாமல் பக்குவமாக நடந்துகொள்பவரைக் குறிக்கும். மூலம் ஒன்றுதான்: பிரித்தறிதல். கணிதச் சொல்லில் இரண்டு ஈ எழுத்துகளும் ஒரு டி எழுத்தால் பிரிக்கப்பட்டு நிற்கின்றன. பக்குவத்தைக் குறிக்கும் சொல்லில் இரண்டும் ஒட்டி நிற்கின்றன. பொருளும் எழுத்தும் இவ்வளவு பொருந்திவருவது அரிது. இதைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் விடுவது இழப்பு.

‘பிரின்சிபல்’ இணைக்கு மலேசியப் பிள்ளையின் கையிலேயே உதவி இருக்கிறது. 1970 ஆகஸ்ட் 31 அன்று பிரகடனம் செய்யப்பட்ட ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகள் பள்ளிப் பயிற்சிப் புத்தகங்களின் பின்னட்டையில் அச்சாகியிருக்கும். பள்ளி ஒன்றுகூடலில் பிள்ளைகள் அவற்றைச் சொல்வார்கள். கோட்பாடு என்ற பொருளில் வரும் சொல் எல், ஈ என்று முடியும். ஒன்றுகூடலில் மேடையில் நிற்கும் இடைநிலைப்பள்ளி முதல்வரைக் குறிக்கும் சொல் ஏ, எல் என்று முடியும். இரண்டும் ‘முதல்’ என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்தவை. தமிழிலும் முதலும் முதல்வரும் ஒரே வேர் என்பதால் இந்த உறவு தமிழ்ப் பிள்ளைக்கு எளிதில் விளங்கும்.

பெயரா, வினையா

இரண்டாவது வகை இணைகள், வாக்கியத்தில் செய்யும் வேலையால் பிரிபவை. அறிவுரை என்ற பெயர்ச்சொல் சி, ஈ என்று முடியும். அறிவுரை கூறு என்ற வினை எஸ், ஈ என்று முடியும். ஆங்கிலேயர் இரண்டையும் வேறு வேறாக ஒலிக்கிறார்கள்: பெயர்ச்சொல்லின் முடிவில் சகரத்தை ஒட்டிய எஸ் ஒலி, வினையின் முடிவில் அதிர்வுள்ள இசட் ஒலி. தமிழில் இசட் ஒலி இல்லாததால் நம் வாயில் இரண்டும் ‘அட்வைஸ்’. காதில் விழாத வேறுபாடு கையில் எப்படி வரும்? இழப்பதையும் தளர்வாக இருப்பதையும் குறிக்கும் ‘லூஸ்’ இணையிலும் இதே சிக்கல்தான். இழப்பில் இசட் ஒலி, ஒற்றை ஓ. தளர்வில் எஸ் ஒலி, இரட்டை ஓ. மலாயில் இசட் ஒலி இருக்கிறது. மிருகக்காட்சிசாலைக்கும் காலத்துக்கும் பிள்ளைகள் தினமும் அதை ஒலிக்கிறார்கள். தமிழ் தராத ஒலியை மலாயிலிருந்து கடன் வாங்கி ஆங்கிலத்தில் பயன்படுத்தச் சொல்லிக்கொடுக்கலாம். மூன்று மொழி படிப்பதன் உண்மையான நன்மை இத்தகைய இடங்களில்தான் கிடைக்கும்.

‘அட்வைஸ்’ இணையின் வேறுபாட்டைக் காதால் பிடித்துவிட்டால், அதையே அளவுகோலாக வைத்து, ஒலியில் வேறுபடாத ‘பிராக்டிஸ்’, ‘லைசென்ஸ்’ இணைகளையும் பிரிக்கலாம். மலேசியா பின்பற்றும் பிரிட்டிஷ் வழக்கில் பெயருக்கு சி, வினைக்கு எஸ். வாகனமோட்டும் உரிமம் சி. உரிமம் பெற்ற கடை என்று பலகையில் எழுதும்போது எஸ், ஏனெனில் அந்தச் சொல் வினையிலிருந்து பிறந்தது.

‘அஃபெக்ட்’, ‘எஃபெக்ட்’ இணைக்கு ஜொகூர் நிகழ்வு ஒன்றே போதும். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள், நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன. கழிவு மக்களைப் பாதித்தது என்று எழுதும்போது வினை, ஆகவே ஏ எழுத்தில் தொடங்கும். மூச்சுத்திணறல் அதன் விளைவு என்று எழுதும்போது பெயர், ஆகவே ஈ எழுத்தில் தொடங்கும். பிள்ளைக்கு ஐயம் வந்தால் மலாயில் நினைத்துப் பார்க்கச் சொல்லலாம்: ‘கெசான்’ என்று வந்தால் ஈ, ‘மெஞ்ஜெஜாஸ்கான்’ என்று வந்தால் ஏ. விதிவிலக்காக ஈ எழுத்துச் சொல் ‘நிகழச் செய்’ என்ற பொருளில் வினையாகவும் வரும். அதை மேல்வகுப்புக்கு விட்டுவிடலாம்.

இரட்டிக்கும் எழுத்து யாருக்காக?

மூன்றாவது வகை, ஓர் எழுத்து இரட்டிப்பதால் மாறும் சொற்கள். இங்கே மூன்று மொழிகளும் மூன்று திசையில் இழுக்கின்றன.

தமிழில் இரட்டித்தால் மெய்யின் ஒலி மாறும். ‘படி’யும் ‘பட்டி’யும் வேறு. மலாய், கடன் வாங்கிய சொல்லில் இரட்டை மெய்யைப் பெரும்பாலும் ஒற்றையாக்கிவிடும். பேராசிரியரைக் குறிக்கும் சொல்லில் ஆங்கிலம் இரண்டு எஸ் போட, மலாய் ஒன்று போடும். தகவல் தொடர்பைக் குறிக்கும் சொல்லில் ஆங்கிலத்துக்கு இரண்டு எம், மலாய்க்கு ஒன்று. குடிநுழைவுத் துறையின் பெயரிலும் அப்படியே. ஜொகூர் மாணவரின் ஆங்கிலக் கட்டுரையில் இந்தச் சொற்கள் ஓரெழுத்துக் குறைந்து வந்தால், அந்த ஓரெழுத்தை மலாய்ப் பாடநூல் எடுத்துக்கொண்டிருக்கிறது.

ஆங்கிலத்தில் இரட்டை மெய்யின் வேலையே வேறு. அது தன் ஒலியை மாற்றாது. தனக்கு முன்னால் நிற்கும் உயிரைக் குறுக்கும். பின்னர் என்ற பொருளுள்ள ‘லேட்டர்’ சொல்லில் ஒரு டி. இரண்டில் பிந்தையது என்ற பொருளுள்ள ‘லாட்டர்’ சொல்லில் இரண்டு டி. சாப்பிடுபவர் ‘டைனர்’, ஓர் என். இரவு உணவு ‘டின்னர்’, இரண்டு என். நம்பிக்கை வைப்பது ‘ஹோப்பிங்’, ஒற்றை பீ. தாவிக் குதிப்பது ‘ஹாப்பிங்’, இரட்டை பீ. தமிழ்ப் பிள்ளை இரட்டை எழுத்தைக் கண்டதும் மெய்யை அழுத்திச் சொல்லப் பார்க்கும். கண் போக வேண்டிய இடம் அதற்கு முந்தைய உயிர். இந்த ஒரு விதியைச் சொல்லிக்கொடுத்தால் பத்துப் பதினைந்து இணைகள் ஒன்றாகத் தெளியும்.

பாலைவனமும் உணவுக்குப் பிந்தைய இனிப்பும் இந்த விதிக்குள் முழுமையாக அடங்காது. அங்கே வரலாறு உதவும். இனிப்பைக் குறிக்கும் சொல், மேசையைத் துடைத்து எடுத்துவைப்பதைக் குறிக்கும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. பரிமாறுதல் என்ற பொருளுள்ள ‘சர்வ்’ சொல்லின் உறவு அது. முன்னொட்டின் எஸ் ஒன்றும் வேர்ச்சொல்லின் எஸ் ஒன்றும் சேர்ந்து இரண்டாயின.

ஓர் எழுத்தின் விலை

இதெல்லாம் ஆசிரியர்களின் கவலை என்று எண்ணுபவர்களுக்கு இரண்டு செய்திகள்.

2009இல் பிரிட்டனின் நிறுவனப் பதிவகம், ‘டெய்லர் அண்ட் சன்’ என்ற நிறுவனம் கலைக்கப்படுவதைப் பதிவு செய்யும்போது ‘டெய்லர் அண்ட் சன்ஸ்’ என்ற வேறொரு நிறுவனத்தின் பெயரில் பதிந்துவிட்டது. கார்டிஃபில் 124 ஆண்டுகளாக இயங்கிய பொறியியல் நிறுவனம் அது. 250க்கும் மேற்பட்டோர் வேலை பார்த்தார்கள். செய்தி பரவியதும் சரக்குக் கொடுத்தவர்கள் கடனை நிறுத்தினார்கள். சில வாரங்களில் நிறுவனம் நிலைகுலைந்தது. பதிவகமே பொறுப்பு என்று உயர்நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. வேறுபாடு, கடைசியில் ஓர் எஸ்.

மருத்துவத்தில் இது உயிரைத் தொடும். வயிற்றுப் புண்ணுக்கான ‘லோசெக்’ மாத்திரையும் உடலில் தேங்கும் நீரை வெளியேற்றும் ‘லாசிக்ஸ்’ மாத்திரையும் கையெழுத்தில் ஒன்றுபோலத் தெரிந்ததால், அமெரிக்காவில் முதல் மாத்திரையின் பெயர் 1990இல் ‘பிரைலோசெக்’ என்று மாற்றப்பட்டது. மனச்சோர்வுக்கான ‘பிரின்டெலிக்ஸ்’, இரத்தம் உறையாமலிருக்கத் தரும் ‘பிரிலின்டா’வோடு குழம்பியதால் 2016இல் ‘டிரின்டெலிக்ஸ்’ ஆனது. மலேசியச் சுகாதார அமைச்சின் மருந்தகப் பிரிவு, உருவத்திலும் ஒலியிலும் ஒத்த மருந்துகளைக் கையாள 2012இல் தனி வழிகாட்டி வெளியிட்டது. அது பரிந்துரைக்கும் முறைகளில் ஒன்று, இரு பெயர்களில் எந்த எழுத்துகள் வேறுபடுகின்றனவோ அவற்றை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடுவது. கண் ஒத்த பகுதியைத் தாண்டி வேறுபடும் பகுதியில் போய் நிற்கிறது. மருந்தலமாரிக்கு உதவிய இந்த முறையை வகுப்பறைக் கரும்பலகையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

கணினி பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் அரைகுறையானது. எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருளின் அடிப்படை வேலை, அகராதியில் இல்லாத சொல்லைக் காட்டுவது. மயக்கச் சொற்கள் எல்லாம் அகராதியில் இருப்பவை. மேலாளர் பதவிக்கு விண்ணப்பிப்பவர் நடுவிலுள்ள ஓர் ஏ எழுத்தை விட்டுவிட்டால், மாட்டுத் தொட்டி என்ற பொருளுள்ள வேறொரு நல்ல ஆங்கிலச் சொல் கிடைக்கும். பல மென்பொருள்கள் அதைத் தொடாது. வாக்கியத்தைப் பார்த்துத் திருத்தும் புதிய மென்பொருள்கள் இதில் மேம்பட்டவை. ஆனால் கைப்பேசியும் கணினியும் அமெரிக்க ஆங்கிலத்தில் அமைக்கப்பட்டிருந்தால் வேறு தொல்லை வரும். நோவா வெப்ஸ்டர் 1828இல் வெளியிட்ட அகராதியின் வழியில் வந்த அமெரிக்க வழக்கு, பிரிட்டிஷ் வழக்கு காக்கும் சில வேறுபாடுகளை அழித்துவிட்டது. ஜொகூரில் வீடு விற்கும் விளம்பரங்களில் வரும் ‘டபுள் ஸ்டோரி’ வீடு, பிரிட்டிஷ் வழக்கில் ஈ, ஒய் என்று முடிய வேண்டும். ஈ இல்லாமல் எழுதினால் அது கதை. அமெரிக்காவில் மாடிக்கும் கதைக்கும் ஒரே எழுத்து. நீளத்தை அளக்கும் மீட்டரும் தண்ணீர்க் கட்டணத்துக்கு எண்ணிக்கை காட்டும் மீட்டரும் பிரிட்டிஷ் வழக்கில் வேறு. அமெரிக்காவிலும் மலாயிலும் ஒன்று. பாடநூல் ஒன்று சொல்ல, திரை வேறொன்று காட்டினால் பிள்ளை திரையைத்தான் நம்பும்.

வகுப்பறையில் என்ன செய்வது?

ஒத்த வடிவமுள்ள சொற்களை இரண்டாம் மொழி கற்போர் எப்படிக் குழப்பிக்கொள்கிறார்கள் என்பதை இஸ்ரேலிய மொழியியலாளர் பாத்தியா லாஃபர் 1980களில் விரிவாக ஆராய்ந்தார். இத்தகைய இணைகளைப் பத்து வகையாகப் பிரித்தார். சொல்லின் கடைசி ஒட்டில் வேறுபடும் இணைகளும் உயிரெழுத்தில் வேறுபடும் இணைகளும் அதிகம் குழப்பின. சொல்வளக் கல்வியில் நடந்த வேறு ஆய்வுகள் இன்னொன்றைக் காட்டின: டின்காமும் (1993, 1997) வேரிங்கும் (1997), பொருளில் நெருங்கிய புதுச் சொற்களைச் சேர்த்துக் கற்பித்தால் கற்பது மெதுவாகிறது என்று கண்டார்கள். நெருக்கமான இரண்டு, புதிதாக ஒரே நேரத்தில் மனத்துக்குள் போனால் ஒன்றையொன்று இடறுகின்றன.

வடிவில் நெருங்கிய சொற்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்துமானால், அது நம் வழக்கமான முறைக்கு எதிரானது. பயிற்சிப் புத்தகங்கள் இணைகளை இடமும் வலமுமாக அடுக்கி, ஒரே நாளில் இருபது இணைகளை மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. தேர்வுக்கு முந்தைய மீள்பார்வைக்கு அது உதவலாம். முதல் அறிமுகத்துக்கு உதவாது. அடிக்கடி பயன்படும் சொல்லை முதலில் தனியே, அதன் குடும்பத்தோடும் நான்கைந்து வாக்கியங்களோடும் கற்பிக்க வேண்டும். அது கையில் படிந்த சில வாரங்களுக்குப் பின் மற்றதைக் கொண்டுவர வேண்டும். அதன்பின்தான் இரண்டையும் எதிரெதிரே நிறுத்த வேண்டும்.

தமிழாசிரியர்களிடம் இதற்கு ஆயத்தமான அனுபவம் இருக்கிறது. லகர, ளகர, ழகர வேறுபாட்டையும், ரகர, றகர வேறுபாட்டையும், னகர, ணகர வேறுபாட்டையும் மயங்கொலிச் சொற்கள் என்று பெயரிட்டு, வாக்கியத்தில் அமைத்து, பொருளோடு சேர்த்துச் சொல்லிக்கொடுப்பது தமிழ்ப்பள்ளிகளில் நெடுநாள் வழக்கம். ‘மனம்’, ‘மணம்’ பிரித்தறிந்த பிள்ளைக்கு ஓரெழுத்தில் பொருள் மாறும் என்பது புதிய செய்தி இல்லை. தமிழாசிரியரும் மலாய் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே பள்ளியில், பெரும்பாலும் ஒரே ஆசிரியர் அறையில் இருக்கிறார்கள். மூவரும் சேர்ந்து உட்கார்ந்து, தங்கள் பிள்ளைகள் உண்மையில் செய்யும் பிழைகளைத் தொகுத்தால் எந்தப் பதிப்பகமும் தர முடியாத பட்டியல் கிடைக்கும்.

அப்படித் தொகுக்கும்போது பிழையின் பக்கத்தில் அதன் பிறப்பிடத்தையும் குறிக்க வேண்டும். மலாய் எழுத்துமுறையிலிருந்து வந்ததா, தமிழ் ஒலியிலிருந்து வந்ததா, ஆங்கிலத்தின் உள்ளிருக்கும் இரட்டைப் பிறப்பா, கைப்பேசியின் அமெரிக்க அமைப்பா என்று நான்கு கட்டங்கள் போதும். பையை பி, ஈ, ஜி என்று எழுதிய பிள்ளைக்கும், அறிவுரையின் வினைக்கு சி போட்ட பிள்ளைக்கும் ஒரே சிவப்புச் சுழி, ஒரே ஐந்து முறை எழுதும் தண்டனை என்பது இப்போதைய நிலை. முதல் பிள்ளைக்குத் தேவை, இரண்டு மொழியின் எழுத்தையும் அருகருகே வைத்துக் காட்டும் இரண்டு நிமிடம். இரண்டாம் பிள்ளைக்குத் தேவை, இசட் ஒலியைக் காதால் கேட்டு வாயால் சொல்லும் பயிற்சி. பிழை எங்கிருந்து வந்தது என்று தெரிந்த ஆசிரியரால் மட்டுமே இந்த இரண்டையும் தனித்தனியாகக் கொடுக்க முடியும். ஆறாம் ஆண்டு முடிந்து பிள்ளை மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குப் போவதற்கு முன், அதைச் செய்வதற்கான ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியின் கையில் இருக்கின்றன.